படுதலும் படுத்துதலும்: ‘மெக்கிளஸ்கி எதிர் கெம்ப்’ (1987) தீர்ப்புரை – ஒரு பனுவல் வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் 1987 ஏப்ரல் 22 அன்று வழங்கிய ‘மெக்கிளஸ்கி எதிர் கெம்ப்’ தீர்ப்பு, தண்டனை வழங்கலில் இனவேறுபாடு நிலவுவதைக் காட்டும் புள்ளிவிவரங்களைச் செல்லுபடியானவை எனக் கொண்டு, அவற்றின் அடிப்படையில் நிவாரணம் கோரிய வழக்கினைத் தள்ளுபடி செய்தது. சட்டத் துறையில் பெரிதும் விவாதிக்கப்பட்ட இத்தீர்ப்புரையை ஒரு பனுவலாகக் கொண்டு, அதன் சொற்றெரிவு, எடுத்துரைப்பு முறை, பெரும்பான்மை உரைக்கும் மாறுபட்ட உரைக்கும் இடையிலான நோக்குநிலை வேறுபாடு ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. ‘பாகுபாடு’, ‘விருப்புரிமை’ ஆகிய தமிழ்ச் சொற்களின் அமைப்பு இவ்வாசிப்புக்குக் கருவியாகக் கொள்ளப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: தண்டனை வழங்கல், இனப் பாகுபாடு, மெக்கிளஸ்கி, பால்டஸ் ஆய்வு, தன்வினை, பிறவினை, விருப்புரிமை.

முன்னுரை

தீர்ப்புரைகளை இலக்கியப் பனுவல்களைப் போல வாசிப்பது தமிழாய்வில் புதிதன்று. வழக்குரை காதையை நீதிமன்றக் காட்சியாக வாசித்தவர்கள் நம்மிடையே பலருண்டு. அதன் மறுதலையான முயற்சி, அதாவது உண்மையான தீர்ப்பொன்றைக் காதையாக வாசிக்கும் முயற்சி, ஒப்பீட்டளவில் குறைவாகவே நிகழ்ந்துள்ளது. இக்கட்டுரை அவ்வகையிலானது. சட்டவியல் முடிவு சரியா தவறா என்று தீர்ப்பளிப்பது இதன் முதன்மை நோக்கமன்று. ஓர் உண்மையை ஒப்புக்கொண்ட பின்னரும் அதன் விளைவை மறுப்பதற்கு ஒரு பனுவல் எவ்வகை மொழியைக் கையாள வேண்டியிருந்தது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. எனினும் ஒருவரின் உயிர் அம்மொழியைச் சார்ந்திருந்தது என்பதை மறந்துவிட்டு இதனை வாசிக்க இயலாது.

இத்தீர்ப்புரையின் சில பகுதிகளை வகுப்பறை வாசிப்புக்கெனத் தமிழாக்க முற்பட்டபோதுதான் இக்கட்டுரைக்கான சிக்கல் எனக்குப் புலப்பட்டது. பெரும்பான்மை உரை முழுவதும் இரு சொற்களைக் கவனமாகப் பிரித்து ஆள்கின்றது. ஒன்று, எண்களில் தோன்றும் ஏற்றத்தாழ்வினைச் சுட்டுவது. மற்றொன்று, ஒருவர் மற்றவரை வேறாக நடத்துவதைச் சுட்டுவது. முதலாவது இருக்கின்றது என்று ஏற்றுக்கொள்ளும் நீதிமன்றம், இரண்டாவது மெய்ப்பிக்கப்படவில்லை என்கின்றது. தமிழில் இவ்விரண்டுக்கும் முறையே ‘வேறுபாடு’, ‘பாகுபாடு’ என்று எழுதினேன். எழுதிய பின்னரே ஐயம் தோன்றியது.

வழக்கும் எண்களும்

வாரன் மெக்கிளஸ்கி என்னும் கறுப்பினத்தவர், 1978ஆம் ஆண்டு மே மாதம் அட்லாண்டா நகரில் அறைகலன் கடையொன்றில் நடந்த கொள்ளையில் ஈடுபட்ட நால்வருள் ஒருவர். எச்சரிக்கை மணியைத் தொடர்ந்து கடைக்குள் நுழைந்த வெள்ளையினக் காவலர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கொள்ளையில் பங்கேற்றதை ஒப்புக்கொண்ட மெக்கிளஸ்கி, சுட்டவர் தாமல்லர் என்றார். வெள்ளையர் பதினொருவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் அடங்கிய நடுவர் குழு அவரைக் குற்றவாளி எனக் கண்டு மரண தண்டனை விதித்தது. நால்வருள் அத்தண்டனை பெற்றவர் அவர் ஒருவரே.

ஆட்கொணர்வு மனுவில் அவர்தம் வழக்குரைஞர்கள் முன்வைத்த சான்று வழக்கத்திற்கு மாறானது. டேவிட் பால்டஸ், சார்ல்ஸ் புலாஸ்கி, ஜார்ஜ் உட்வொர்த் ஆகிய மூவர், ஜார்ஜியா மாநிலத்தில் 1970களில் நிகழ்ந்த 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்திருந்தனர். குற்றத்தின் கொடுமை, முன்குற்றங்கள், கொல்லப்பட்டவருக்கும் கொன்றவருக்கும் இருந்த உறவு என 230 மாறிகள் அவ்வாய்வில் கணக்கிலெடுக்கப்பட்டன. வெள்ளையர் கொல்லப்பட்ட வழக்குகளுள் 11 விழுக்காட்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. கறுப்பினத்தவர் கொல்லப்பட்ட வழக்குகளுள் 1 விழுக்காட்டில் மட்டுமே. கறுப்பினத்தவர் வெள்ளையரைக் கொன்றதாகக் கூறப்பட்ட வழக்குகளில் அது 22 விழுக்காடு. வெள்ளையர் வெள்ளையரைக் கொன்றவற்றில் 8. வெள்ளையர் கறுப்பினத்தவரைக் கொன்றவற்றில் 3. கறுப்பினத்தவர் கறுப்பினத்தவரைக் கொன்றவற்றில் 1. அரசு வழக்குரைஞர்கள் மரண தண்டனையைக் கோரிய வீதத்திலும் இதே சாய்வு உண்டு: முதல் வகையில் 70 விழுக்காடு, இறுதி வகையில் 15.

இவ்வெண்களை எடுத்தாள்வோர் பலரும் ஓர் எண்ணைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். கொல்லப்பட்டவரின் இனத்தைப் பாராது கொன்றவரின் இனத்தை மட்டும் நோக்கினால், மரண தண்டனை பெற்றவர்கள் வெள்ளையருள் 7 விழுக்காடு, கறுப்பினத்தவருள் 4 விழுக்காடு. ‘கறுப்பினத்தவரே மிகுதியாகத் தூக்கிலிடப்படுகின்றனர்’ என்று இத்தீர்ப்பினைச் சுருக்கிக் கூறுவது பிழை என்பது இதனால் பெறப்படும். பிற காரணிகளை நீக்கிப் பார்த்த நிலையிலும், கொன்றவரின் இனத்துக்கான பெருக்கெண் 1.1 மட்டுமே, கொல்லப்பட்டவரின் இனத்துக்கு அது 4.3. ஆய்வு வெளிக்கொணர்ந்தது, யார் கொன்றார் என்பதைவிட யாருடைய சாவு இழப்பாகக் கருதப்பட்டது என்பதையே. கறுப்பினத்தவர் பெரும்பாலும் கறுப்பினத்தவராலேயே கொல்லப்பட்டனர். அச்சாவுகளுக்கு மாநிலம் தன் உச்சத் தண்டனையைக் கோரவில்லை. அதனாலேயே கொன்ற கறுப்பினத்தவரின் மொத்த வீதம் குறைந்து தோன்றுகின்றது. குறைந்த தண்டனை என்பது இங்குச் சலுகையன்று, புறக்கணிப்பின் மறுபக்கம்.

ரேண்டல் கென்னடி 1988இல் ஹார்வர்டு சட்ட இதழில் எழுதிய கட்டுரை இக்கோணத்தை வலியுறுத்துகின்றது. கறுப்பினச் சமூகத்தின் நோக்கில், மறுக்கப்பட்டது பாதுகாப்பு என்னும் பொதுநன்மை என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தின் தருக்கம் சங்கடமான இடத்துக்கு நம்மை இட்டுச்செல்லும்: சமனிலையை எய்தக் கறுப்பினத்தவரைக் கொன்றோருக்கும் மரண தண்டனையை மிகுவிக்கலாம் அன்றோ? மரண தண்டனையை எதிர்ப்போர் இவ்வினாவை எதிர்கொள்ளாது கடந்துவிடுவது வசதியானது. கென்னடி அவ்வாறு கடக்கவில்லை.

4.3 என்னும் எண்ணைப் பற்றியும் இங்கு ஒன்று கூற வேண்டும். வெள்ளையரைக் கொன்றவர் மரண தண்டனை பெறும் வாய்ப்பு ‘4.3 மடங்கு’ எனத் தீர்ப்புரை கூறுகின்றது. உண்மையில் அது நிகழ்வதற்கும் நிகழாமைக்கும் உள்ள விகிதத்தின் பெருக்கெண்; நிகழ்தகவின் பெருக்கெண் அன்று. நிகழ்தகவு 1 விழுக்காடாக இருக்குமிடத்து இரண்டும் ஏறத்தாழ ஒன்றே: 1 என்பது 4.2 ஆகும். ஆனால் 50 விழுக்காடாக இருக்குமிடத்து அது 81 விழுக்காடாகுமே தவிர, 4.3 மடங்காக ஆகாது, ஆகவும் முடியாது. இப்பிழை பெரும்பான்மை உரையிலும் உள்ளது, அதனை மறுக்கும் உரையிலும் உள்ளது. முடிவை இது மாற்றிவிடாது. எனினும் எண்களைக் ‘கடினமானவை’ எனக் கூறி விலக்கிய நீதிமன்றமும், அவற்றின் பக்கம் நின்ற நீதிபதிகளும், ஒரே எண்ணை ஒரே விதமாகத் தவறி வாசித்தனர் என்பது பனுவல் வாசிப்பில் ஈடுபடுவோர் கருதத்தக்கது.

பெரும்பான்மை உரை: வினைமுதலைத் தேடல்

ஐவர் சார்பில் உரையை எழுதியவர் நீதிபதி லூயிஸ் பாவெல். நடுவர் குழுத் தேர்வில் இன அடிப்படையிலான விலக்கலைத் தடுத்த ‘பாட்சன்’ தீர்ப்பினை அதற்கு முந்தைய ஆண்டு எழுதியவரும் அவரே. இனப் பாகுபாட்டை அறியாதவரோ பொருட்படுத்தாதவரோ எழுதிய உரை அன்று இது என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

உரையின் தொடக்க வாக்கியமே வழக்கின் வினாவை வரையறுக்கின்றது. மரண தண்டனை முடிவுகளில் இனம் குறித்த கருதல்கள் நுழையும் ‘இடர்’ இருப்பதைக் காட்டும் ‘சிக்கலான’ புள்ளியியல் ஆய்வு, இம்மனுதாரரின் தண்டனை அரசமைப்புக்கு முரணானது என மெய்ப்பிக்கின்றதா என்பது அவ்வினா. விடை இவ்வினாவுக்குள்ளேயே பாதி அடங்கியுள்ளது. மாநிலம் முழுவதும் காணப்படும் ஒரு போக்கு ‘இடர்’ ஆகச் சுருங்குகின்றது; மெய்ப்பிக்க வேண்டியதோ ‘இம்மனுதாரரின்’ தண்டனை. பொதுமைக்கும் தனிமைக்கும் இடையில் ஓர் இடைவெளியைத் திறந்துவைத்து, அதனைத் தாண்டும் சுமையை மனுதாரர் மீது ஏற்றிய பின்னரே கொள்ளைக் காட்சி விவரிக்கப்படுகின்றது. அக்காட்சி விரிவும் தெளிவும் உடையது: யார் எவ்வழியாக நுழைந்தார், வாடிக்கையாளர்கள் எவ்வாறு தரையில் படுக்கவைக்கப்பட்டனர், காவலர் எங்கு நடந்துகொண்டிருந்தபோது குண்டு பாய்ந்தது என ஒரு சிறுகதையின் நுணுக்கத்துடன் அது அமைகின்றது. எண்கள் அதன் பின்னரே வருகின்றன. தனிமனிதச் செயலின் கண்கூடான காட்சிக்குப் பின் வரும் விழுக்காடுகள் வெளிறியே தோன்றும். கீழமை நீதிமன்றம் பால்டஸ் ஆய்வினை நம்பத்தகாதது என்றிருந்தது. பாவெல் அவ்வினாவுக்குள் செல்லாது, ஆய்வு புள்ளியியல் நோக்கில் செல்லும் என்றே வைத்துக்கொள்கின்றார். இனி அவரால் எண்கள் பொய் என்று கூற இயலாது. எண்கள் மெய்யாக இருந்தும் போதாதவை என்றே கூறியாக வேண்டும்.

இவ்விடத்தில்தான் முற்குறித்த என் ஐயம் பொருள் பெறுகின்றது. ‘வேறுபாடு’, ‘பாகுபாடு’ ஆகிய இரண்டும் ‘படு’ என்னும் வினையடியாகப் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள். வேறுபடு, பாகுபடு என்பன தன்வினைகள். தாமே அவ்வாறு ஆகின்றன என்பதே அவற்றின் அமைப்புப் பொருள், ஆக்குபவர் அங்கில்லை. ஆக்குபவர் தோன்ற வேண்டுமாயின் ‘பாகுபடுத்து’ எனப் பிறவினையாக்க வேண்டும். ‘இனப் பாகுபாடு’ என நாளும் எழுதும் நாம், வினைமுதலைச் சொல்லாமலே குற்றஞ்சாட்டும் ஒரு சொல்லைப் பழகிவைத்திருக்கின்றோம். பாவெலின் உரை கேட்பது பிறவினையை: பாகுபடுத்தியவர் யார்? இவ்வழக்கில் முடிவெடுத்தவர்கள் பாகுபடுத்தும் நோக்கத்துடன் செயல்பட்டனர் என்பதை மெக்கிளஸ்கி காட்ட வேண்டும் என்கின்றது அது. சட்டமன்றத்தின் மீது பழி கூறுவதாயின், இன விளைவு நேரும் என்று அறிந்திருந்தமை போதாது. அவ்விளைவின் ‘பொருட்டே’ சட்டத்தை இயற்றினர் அல்லது நிலைநிறுத்தினர் என்று காட்ட வேண்டும்.

காட்டுவது எங்ஙனம்? இங்கு உரை தன் மிகக் கூரிய முரணை எய்துகின்றது. நடுவர் குழுவினரை அழைத்து அவர்தம் உள்நோக்கத்தை விசாரிக்க இயலாது என்று அதுவே கூறுகின்றது. பல்லாண்டுகளுக்குப் பின் அரசு வழக்குரைஞரை அழைத்து அவர்தம் முடிவுக்கு விளக்கம் கேட்பதும் முறையன்று என்றும் கூறுகின்றது. ஒவ்வொரு நடுவர் குழுவும் தனித்தன்மை வாய்ந்தது. ஆகவே பல குழுக்களின் போக்கிலிருந்து ஒரு குழுவின் நோக்கத்தை உய்த்துணர இயலாது என்றும் கூறுகின்றது. வினைமுதலைக் கொணர்க என்று ஆணையிடும் உரை, வினைமுதல் வாய்திறக்கக்கூடிய எல்லா வழிகளையும் அடைத்துவிடுகின்றது. வேலைவாய்ப்பு வழக்குகளிலும் நடுவர் பட்டியல் தேர்வு வழக்குகளிலும் எண்களிலிருந்து நோக்கத்தை உய்த்துணர இதே நீதிமன்றம் இசைந்திருந்தது. உயிரைப் பறிக்கும் முடிவில் சான்றின் அளவுகோல் கடுமையாகின்றது. ஆனால் அக்கடுமை உயிரைப் பறிக்க முனைவோர் மீதன்று.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் கண்ணகியின் சிலம்பு நினைவுக்கு வருவது இயல்பு. பரல் முத்தா மாணிக்கமா என்பது ஒரே வீச்சில் முடிவாகிவிடும் வினா. உடைந்த சிலம்பு ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு இழைக்கப்பட்ட குறிப்பிட்ட தவற்றை மன்னனின் கண்முன் நிறுத்துகின்றது. மெக்கிளஸ்கியிடம் நீதிமன்றம் கேட்டதும் அத்தகைய சிலம்பையே. அவரிடம் இருந்ததோ 2,000 வழக்குகளின் கணக்கு. ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுவது தகாது: கண்ணகியின் கணவன் குற்றமற்றவன், மெக்கிளஸ்கியோ கொள்ளையில் பங்கேற்றவர். தாம் தவறே செய்யவில்லை என்பது அவர்தம் மனுவின் வாதமன்று. இதே தவற்றுக்குப் பிறர் சாகவில்லை என்பதே. இலக்கியம் நமக்குப் பழக்கியுள்ள நீதிக்காட்சிகள் பெரும்பாலும் குற்றமற்றவரைப் பற்றியவை; அளவில் தவறும் தண்டனையைப் பற்றியவை அரிது. இத்தீர்ப்புரையை வாசிக்கையில் நம் பரிவு தடுமாறுவதற்கு அப்பழக்கமும் ஒரு காரணமாகலாம்.

விருப்புரிமை

பெரும்பான்மை உரையின் அச்சாணியான மற்றொரு சொல், தமிழ்நாட்டுச் சட்டத் தமிழில் ‘விருப்புரிமை’ என்றும் இலங்கைச் சட்டத் தமிழில் ‘தற்றுணிபு’ என்றும் வழங்குவது. குற்றவியல் நீதிமுறைக்கு விருப்புரிமை இன்றியமையாதது. அதன் பயனாகவே பலர் தண்டனையினின்று தப்புகின்றனர். ஆகவே அது தவறாகப் பயன்படுத்தப்பட்டது எனக் கொள்வதற்கு மிகத் தெளிந்த சான்று வேண்டும் என்பது பாவெலின் வாதம். தண்டனைகளில் தோன்றும் ஏற்றத்தாழ்வுகள் நீதிமுறையின் தவிர்க்கவியலாத கூறு என்றும் அவர் எழுதுகின்றார்.

இச்சொல்லுக்கு ஜார்ஜியாவில் ஒரு வரலாறு உண்டு. மாறுபட்ட உரை அதனைத் தோண்டியெடுக்கின்றது. அம்மாநிலத்தின் 1861ஆம் ஆண்டுத் தண்டனைத் தொகுப்பு, வெள்ளையினப் பெண்ணைக் கறுப்பினத்தவர் வன்புணர்ந்தால் மரணம் என்றது. அக்குற்றத்தையே பிறர் செய்தால் 2 முதல் 20 ஆண்டுச் சிறை என்றது. கறுப்பினப் பெண்ணை வன்புணர்ந்தால் ‘நீதிமன்றத்தின் விருப்புரிமைப்படி’ தண்டமும் சிறையும் என்றது. அச்சட்டத்தில் பாகுபடுத்தியவர் யார் என்று தேட வேண்டியதில்லை, சட்டமே வினைமுதல். கொல்லப்பட்டவரின் இனம் பற்றிய பால்டஸ் அட்டவணையும் வன்புணரப்பட்டவரின் இனம் பற்றிய அத்தொகுப்பும் ஒரே ஏறுவரிசையில் அமைந்திருப்பதைத் தற்செயல் என்று கூறுவது எளிதன்று. சட்டத்தின் சொற்களிலிருந்து இனம் பின்னர் நீக்கப்பட்டது, விருப்புரிமை எஞ்சியது. நீதிபதி பிளாக்மன் தம் தனி உரையில் இதன் நடைமுறைப் பக்கத்தைக் காட்டுகின்றார்: எவ்வழக்கில் மரண தண்டனை கோருவது என்பதற்கு அம்மாவட்ட அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில் எழுத்துவடிவ நெறிமுறை எதுவும் இருக்கவில்லை. அம்மாவட்டத்தில் 1973க்குப் பின் காவலரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 17 பேருள் மரண தண்டனை பெற்றவர் மெக்கிளஸ்கி ஒருவரே. தண்டனைக் கட்ட விசாரணை வரை சென்ற மற்றொருவர் கறுப்பினக் காவலரைக் கொன்றவர். அவருக்கு ஆயுள் தண்டனை.

‘விருப்புரிமை’ என்னும் தமிழாக்கத்தைச் சட்டத்தமிழ் அறிஞர் சிலர் குறைபாடுடையதாகக் கருதக்கூடும். மூலச்சொல்லில் உள்ள ‘பகுத்தறிந்து தெளிதல்’ என்னும் பொருள் இதில் இல்லை. ஆயினும் இவ்வழக்கைப் பொறுத்தவரை, மொழிபெயர்ப்பு மூலத்தை விட வெளிப்படையானது என்பேன். விருப்பு உள்ள இடத்தில் வெறுப்பும் உண்டு. இதனை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவர் எழுதியும் இருந்தார். தீர்ப்புக்கு முன்னர், 1987 சனவரி 6 அன்று, நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா சக நீதிபதிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். பகுத்தறிவுக்குப் புறம்பான விருப்பு வெறுப்புகள், இனம் சார்ந்தவை உட்பட, நடுவர் குழுவின் முடிவுகளிலும் அதன்வழி அரசு வழக்குரைஞரின் முடிவுகளிலும் நனவின்றியே செயல்படுகின்றன. இது உண்மை, நீக்கவும் இயலாதது. ஆகவே தமக்குத் தேவை மேலும் சான்று என்று நேர்மையாகக் கூற இயலாது என்பது அதன் சாரம். நீதிபதி மார்ஷலின் தாள்கள் 1993இல் பொதுப் பார்வைக்கு வந்தபோது இக்குறிப்பு வெளிப்பட்டது. ஸ்காலியா தனி உரை எதுவும் எழுதாது பாவெலின் உரையில் இணைந்துகொண்டார். எழுதப்பட்ட தீர்ப்பு, சான்று போதாது என்கின்றது. எழுதப்படாத தீர்ப்போ, எச்சான்றும் போதாது என்கின்றது. இரண்டுள் பின்னதே வெளிப்படையானது. ஆனால் அதனை அச்சில் ஏற்ற அதன் ஆசிரியரே முன்வரவில்லை.

மாறுபட்ட உரை: ஒரு கற்பனை உரையாடல்

நீதிபதி வில்லியம் பிரென்னனின் மாறுபட்ட உரை, மரண தண்டனை எந்நிலையிலும் அரசமைப்புக்கு முரணானது என்ற தம் நிலைப்பாட்டைச் சுருக்கமாகப் பதிவுசெய்துவிட்டு, எவரும் எதிர்பாராத வகையில் ஒரு காட்சிக்குள் நுழைகின்றது. மெக்கிளஸ்கி ஏதோ ஒரு கட்டத்தில் தம் வழக்குரைஞரை நோக்கி, ‘எனக்குச் சாவு விதிப்பார்களா’ என ஐயத்திற்கிடமின்றிக் கேட்டிருப்பார் என்று அது ஊகிக்கின்றது. உண்மையுரைக்கும் வழக்குரைஞர் என்ன கூறியிருப்பார்? கொல்லப்பட்டவர் வெள்ளையர் என்பதைவிட முக்கியமான விவரங்கள் இவ்வழக்கில் மிகச் சிலவே. வெள்ளையரைக் கொன்று மரண தண்டனை பெற்ற ஒவ்வொரு 11 பேரிலும் 6 பேர், கொல்லப்பட்டவர் கறுப்பினத்தவராக இருந்திருப்பின் அதனைப் பெற்றிருக்க மாட்டார்கள். மெக்கிளஸ்கியை ஒத்த வழக்குகளில் அது 34க்கு 20. இக்கதையைப் பலவாறாகச் சொல்லலாம், எனினும் அதன் கதைப்போக்கினை மெக்கிளஸ்கி உணராதிருக்க இயலாது என்று பிரென்னன் எழுதுகின்றார். கதை, கதைப்போக்கு என்னும் பொருளுடைய சொற்களை அவரே ஆள்கின்றார் என்பது நோக்கத்தக்கது.

இது வெறும் உணர்ச்சியூட்டும் உத்தி அன்று. பாவெலின் உரையில் எண்கள் நிகழ்ந்து முடிந்தவற்றின் தொகுப்பு; நோக்குபவர் நீதிமன்றம். பிரென்னனின் உரையில் அதே எண்கள் இன்னும் நிகழாத ஒன்றன் முன்னறிவிப்பு; நோக்குபவர் மரணத்தை எதிர்நோக்கும் மனிதர். தனி வழக்கில் இனம் செயல்பட்டது என்று எண்கள் மெய்ப்பிக்காமல் இருக்கலாம். ஆனால் விசாரணைக்கு முன்னரே ஒரு வழக்குரைஞர் தம் கட்சிக்காரருக்கு இதனைச் சொல்லித்தான் ஆக வேண்டும் எனில், அங்கு இனம் செயல்படவில்லை என்று எவ்வாறு கூறுவது? பொதுமைக்கும் தனிமைக்கும் இடையே பாவெல் திறந்த இடைவெளியை, காலத்தை மாற்றுவதன்மூலம் பிரென்னன் மூடிவிடுகின்றார். தண்டனைக்குப் பின் இது ‘சான்று’; தண்டனைக்கு முன் இது ‘அறிவுரை’.

அவ்வுரையின் வலிமை மிக்க பகுதி இடைநிலை வழக்குகள் பற்றியது. மிகக் கொடிய கொலைகளில் யாராயினும் மரண தண்டனை பெறுகின்றனர்; கொடுமை குறைந்தவற்றில் யாரும் பெறுவதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட, முடிவெடுப்போருக்கு உண்மையான தேர்வு இருக்கும் வழக்குகளில், வெள்ளையர் கொல்லப்பட்டவற்றுள் 34 விழுக்காட்டிலும் கறுப்பினத்தவர் கொல்லப்பட்டவற்றுள் 14 விழுக்காட்டிலும் அத்தண்டனை விதிக்கப்பட்டது. விருப்புரிமை எங்கு விரிகின்றதோ அங்கு இனம் நுழைகின்றது. மெக்கிளஸ்கியின் வழக்கு அவ்விடைநிலையைச் சார்ந்தது. பெரும்பான்மை உரை இப்பகுதிக்கு நேரான விடை கூறவில்லை. மாறாக அச்சத்தை எழுப்புகின்றது. இவ்வாதத்தை ஏற்றால் நாளை பிற சிறுபான்மையினர் வருவர், பாலின அடிப்படையில் வருவர், முகத்தோற்றம், உடற்கவர்ச்சி போன்றவற்றின் அடிப்படையிலும் வழக்கிடுவர் என்கின்றது. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர்சுட்டி எழுதப்பட்டிருந்த ஒன்றை முகத்தோற்றத்துடன் ஒரே வரிசையில் வைத்தது இவ்வுரையின் மிகப் பலவீனமான இடம் என்பது என் துணிபு. நீதிபதி ஸ்டீவன்ஸ் இவ்வச்சத்துக்கு நடைமுறை விடை ஒன்றைக் கூறினார்: இனம் செல்வாக்குச் செலுத்தாத மிகக் கொடிய வகைக்கு மட்டும் மரண தண்டனையை வரையறுத்துவிடலாம். பெரும்பான்மை உரை அதனை ஓர் அடிக்குறிப்பில் ஏற்க மறுத்தது.

பிரென்னனின் உரையிலும் ஒரு குறை உண்டு. அவர்தம் காட்சியில் பேசப்படுவோர் மெக்கிளஸ்கியும் வழக்குரைஞரும். கொலையுண்டும் வழக்காக வளராத கறுப்பினத்தவர் அக்காட்சிக்குள் வரவில்லை. அட்டவணையின் ‘1 விழுக்காடு’ என்னும் கட்டத்தில் அவர்கள் இருக்கின்றனர். எந்த உரையிலும் அவர்களுக்குக் கதைப்போக்கு இல்லை.

பிற்காலப் பனுவல்கள்

மெக்கிளஸ்கி தீர்ப்பின் தருக்கம் மரண தண்டனையுடன் நிற்கவில்லை. 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் போதைப்பொருள் சட்டம், 5 கிராம் ‘கிராக்’ கோகேயினுக்கும் 500 கிராம் தூள் கோகேயினுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையாக 5 ஆண்டுச் சிறையை விதித்திருந்தது. முன்னதில் தண்டிக்கப்பட்டோர் மிகப் பெரும்பாலும் கறுப்பினத்தவர். சட்டத்தில் இனம் என்னும் சொல்லே இல்லை. எண் மட்டுமே உண்டு. 2010இல் அவ்விகிதம் 18க்கு 1 எனக் குறைக்கப்பட்டதே தவிர நீக்கப்படவில்லை. கூட்டாட்சித் தண்டனை ஆணையம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, ஒத்த நிலையிலுள்ள வெள்ளையின ஆண்களைவிடக் கறுப்பின ஆண்களுக்குச் சராசரியாக 19.1 விழுக்காடு நீண்ட தண்டனை விதிக்கப்பட்டதாகக் கூறியது. 2023ஆம் ஆண்டு அறிக்கையில் அவ்வெண் 13.4. அரசின் ஆணையமே இவ்வெண்களை வெளியிடுகின்றது. தண்டிக்கப்பட்ட தனி மனிதர் இவற்றைக் கையிலேந்திக் கூட்டாட்சி நீதிமன்றம் சென்றால், மெக்கிளஸ்கிக்குக் கிடைத்த விடையே கிடைக்கும்.

இதற்கான வாதம் சட்டமன்றங்களிடம் வைக்கப்பட வேண்டியது என்று பாவெல் எழுதியிருந்தார். வட கரோலினா மாநிலம் 2009இல் புள்ளிவிவரச் சான்றினை ஏற்கும் சட்டத்தை இயற்றியது. 2012இல் அதன்கீழ் முதல் மரண தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று. 2013இல் சட்டமே நீக்கப்பட்டது. கலிபோர்னியாவின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் துணிந்தது. ஏற்றத்தாழ்வுகள் தவிர்க்கவியலாதவை என்ற முடிவினை நிராகரிப்பதாகத் தன் நோக்கவுரையிலேயே அது கூறுகின்றது. பாகுபடுத்தும் நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்ற தேவையையும் அகற்றுகின்றது. நம் இலக்கணச் சொற்களில் கூறுவதாயின், பிறவினையைக் கோராது தன்வினையே போதும் என்கின்றது. ‘பாகுபாடு’ என்னும் நம் சொல்லின் அமைப்பு இச்சட்டத்தில்தான் முதன்முறையாகப் பொருந்திவருவதாக எனக்குத் தோன்றுகின்றது. மொழிபெயர்ப்பில் நான் எழுதிய அச்சொல்லை மாற்றவில்லை. பெரும்பான்மை உரை வரும் இடங்களில் மட்டும் ‘பாகுபடுத்துதல்’ என்று திருத்தினேன்.

பாவெல், தீர்ப்பு வெளிவந்த இரண்டு மாதங்களில் ஓய்வுபெற்றார். அவர்தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜான் ஜெஃப்ரீஸ், எந்த வழக்கிலேனும் தம் வாக்கை மாற்றிக்கொள்ள விரும்புவாரா என்று 1991இல் வினவியபோது, ஆம், மெக்கிளஸ்கி வழக்கில் என்று விடையளித்தார். அவ்விடை 1994இல் நூலாக வெளிவந்தது. வாரன் மெக்கிளஸ்கி 1991 செப்டம்பர் 25 அன்று ஜார்ஜியாவில் மின்நாற்காலியில் கொல்லப்பட்டார்.